சௌதாரா மலையில் ஒரு கணக்கு நோட்டு

காட்மாண்டுவின் பழைய பஸ் பார்க்கில் சௌதாரா வண்டியைப் பிடித்தபோது காலை ஆறரை மணி. ஏழுக்குக் கிளம்பும் என்றார்கள். இரண்டு கட்டில், ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலு மூட்டை அரிசி, கூண்டோடு கோழிகள் என்று எல்லாம் கூரைமேல் ஏறி முடிய எட்டேகால் ஆனது. நேபாளத்தில் அது சைத்ர மாதம். நம்முடைய பங்குனியேதான், இரண்டுமே சூரியக் கணக்கு என்பதால் தேதிகூடப் பெரும்பாலும் ஒட்டி வரும், சித்திரையில் அவர்களுக்கும் புத்தாண்டு. மழையைப் பார்த்து மாதக்கணக்காகிவிட்ட ரோடு. ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம்.

போகிற வழி அரனிகோ நெடுஞ்சாலை. 13ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து திபெத் வழியாகக் குப்லாய் கானின் அரசவைவரை போன நேவார் சிற்பியின் பெயர் அது. துலிகேலில் பனிமலை வரிசை தெரியும் என்று ஆசை காட்டியிருந்தார்கள். தெரிந்ததெல்லாம் சாம்பல் நிறப் புகைமூட்டம்தான். பங்குனியில் மலைக் காடுகள் ஆங்காங்கே எரியும், புகை பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடும் என்றார் நடத்துநர். பாஞ்ச்கால் சமவெளியில் காய்கறித் தோட்டங்கள். அதைத் தாண்டி இறங்கினால் இந்திராவதியும் சுன்கோசியும் கலக்கிற டோலால்காட். வறுத்த மீனைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்த கடையில் டீ குடித்தபடி வீட்டுக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“சார், தமிழா?”

முப்பத்தைந்து வயதிருக்கும். வேளச்சேரியில் ஒரு ஓட்டலில் எட்டு வருஷமாக வேலை. “மாஸ்டர்கிட்ட பரோட்டா போட கத்துக்கினேன் சார். இப்ப நான்தான் மாஸ்டர்” என்றார். புத்தாண்டுக்கு ஊருக்கு வந்திருக்கிறார். எங்கே போகிறேன் என்று சொன்னதும் சிரித்தார். “அந்த ட்ரெய்னிங்கா? என் வீட்டுக்காரியும் அதுக்குத்தான் வர்றா. அவதான் எங்க ஊர் காட்டுக் கமிட்டில பொருளாளர்.” மூன்று நாளும் அவர்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளர். அண்ணனை நேபாளியில் ‘தாய்’ என்கிறார்கள். அவரையும் எல்லாரும் அப்படியே கூப்பிட, தமிழ்க் காதுக்கு அது பழக ஒரு நாள் பிடித்தது.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஒரு பழைய நண்பரின் அழைப்பு. சிந்துபால்சோக் மாவட்டத்து மலையூர்களின் சமுதாயக் காட்டுக் குழு நிர்வாகிகளுக்கு மூன்று நாள் பயிற்சி நடக்கிறது, வந்து உட்கார்ந்து பார் என்று எழுதியிருந்தார். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாருமே சம்பளமில்லாதவர்கள். மாடு கறந்து, புல் அறுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள். இவர்களுக்கு நிர்வாகம் என்று என்னத்தைச் சொல்லித்தரப் போகிறார்கள் என்று ஓர் அலட்சியமும் எனக்கு இருந்தது. அந்த அலட்சியத்துக்கு ஒரு பழைய காயம் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மாவட்டத்துக்குப் போவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1957இல் நேபாள அரசு தனியார் காடுகளை நாட்டுடைமை ஆக்கியது. முன்பு நாட்டை ஆண்ட ராணா குடும்பத்தாரின் கையிலிருந்து பெரும் பரப்புகளை மீட்பதுதான் நோக்கம். ஆனால் ஊரார் காலங்காலமாகத் தம்முடையது என்று காத்துவந்த காடும் அதோடு சர்க்கார் காடாகிவிட்டது. சர்க்கார் காட்டை யார் காப்பார்கள்? வெட்டினார்கள். 1970களின் இறுதியில், இன்னும் பதினைந்து ஆண்டில் மலைப்பகுதியில் காடே இருக்காது என்று உலக வங்கி எச்சரிக்கும் அளவுக்கு நிலைமை போனது. அதே பத்தாண்டில், சௌதாராவில் வன அதிகாரியாக இருந்த டி. பி. எஸ். மஹத், காட்டை ஊராரிடமே விட்டுப்பார்க்கலாம் என்று தோகர்ப்பா ஊர்த் தலைவரோடு சேர்ந்து முயன்றார். சட்டம் அப்போது அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதிகாரியும் ஊரும் ஒருவரையொருவர் நம்பி நடத்திய காரியம் அது. 1978இல் விதிகள் கொஞ்சம் இளகின. 1993இல் வந்த வனச் சட்டம், காட்டைப் பயன்படுத்துவோர் குழுவையே ஓர் அமைப்பாக ஏற்று, மேலாண்மையை அதன் கையில் கொடுத்தது. இன்று நாடு முழுக்க 22,000க்கு மேற்பட்ட குழுக்கள், 22 லட்சம் ஹெக்டேருக்கு மேல் காடு, ஏறக்குறைய 29 லட்சம் குடும்பங்கள். 1992இல் நாட்டின் 26 சதவீதமாக இருந்த வனப்பரப்பு 2016இல் 45 சதவீதம் ஆகியிருப்பதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆட்கள் போய்விட, கைவிடப்பட்ட மலை வயல்களில் மரம் முளைத்ததும் இதில் சேர்த்தி. முழுப் பெருமையையும் குழுக்களுக்கே கொடுத்துவிட முடியாது.

பயிற்சி நடந்தது தகரக் கூரை போட்ட ஊர்க் கட்டடத்தில். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் நேபாளத்திலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது, 3,500 பேருக்கு மேல். சௌதாராவில் பழைய கல்வீடு என்று காட்ட அதிகம் மிச்சமில்லை. கூடத்தின் வாசலில் செருப்புகளும் இரண்டு டோகோக் கூடைகளும் கிடந்தன. நெற்றியில் பட்டை போட்டு முதுகில் சுமக்கும் அந்தக் கூடையோடு ஒரு தலைவர் வந்திருந்தார்; திரும்பும்போது உப்பு வாங்கிப்போக வேண்டுமாம்.

பயிற்சி தந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். எல்லாருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. இருபது வருஷம் ஒரு காட்டுக் குழுவின் செயலாளராக இருந்தவர். கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. “உங்கள் தீர்மான நோட்டுகளைக் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கினார். ஒன்றைப் பிரித்துப் பக்கங்களைத் தள்ளினார். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். கீழே முப்பது கையெழுத்து, பெருவிரல் ரேகைகள். மேலே வெள்ளைத்தாள்.

“தீர்மானம் எங்கே?”

“செயலாளர் அப்புறம் எழுதுவார் தீதி. எல்லாருக்கும் அவசரம். கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்வோம்.”

அவர் பேனாவைத் திறந்து அந்த வெற்றிடத்தில் நிதானமாக எழுதினார். பிறகு சத்தமாக வாசித்தார். “உறுப்பினர்கள் அனைவரும் தங்கள் எருமைகளைப் பயிற்சியாளருக்குத் தானமாக வழங்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” கூடம் அதிர்ந்தது. சிரித்து ஓய்ந்ததும், “எத்தனை எருமை? எப்போது ஓட்டிவருகிறீர்கள்?” என்று கேட்டார். அந்த நோட்டின் செயலாளருக்கு வியர்த்துவிட்டது. அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு, ரத்து என்று எழுதி, முப்பது பேரில் அங்கே வந்திருந்த மூவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அடுத்த பேச்சுக்குப் போனார். நம் ஊர்களிலும் கிராமசபை நோட்டில் இதே வெள்ளைத்தாளைப் பார்த்திருக்கிறேன். எருமை எழுதிக் காட்டத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

வங்கிக் கணக்கு பற்றிய பேச்சும் இப்படித்தான் போனது. பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தீதி அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டார். “பொருளாளர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்த காசோலை எத்தனை தலைவர்களின் பெட்டியில் இருக்கிறது?” முதலில் ஒரு கை, கொஞ்சம் பொறுத்து இன்னும் நாலு கை. பாங்குக்குப் போக மூன்று மணி நேர நடை, ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் எப்படிப் போவது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தீதி அதற்கு அறிவுரை சொல்லவில்லை. மாதத்தில் ஒரே நாள் பாங்கு நாள் என்று வைத்துக்கொள்ளும் குழு ஒன்றை எழுப்பி, அவர்களையே பேசவிட்டார்.

குழு என்றால் யார் என்பதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். காட்டைப் பயன்படுத்தும் அத்தனை வீடுகளும் சேர்ந்ததுதான் குழு. பத்துப் பதினைந்து பேர் அடங்கிய நிர்வாகக் கமிட்டி அதன் வேலைக்காரர்கள்தான். பெரிய முடிவெல்லாம் ‘சாதாரண் சபா’வில், அதாவது பொதுச்சபையில் எடுக்கப்பட வேண்டும். பெயரில்தான் சாதாரணம். குழுவின் சட்டதிட்டமும் காட்டின் செயல்திட்டமும் அங்கே ஒப்புதல் பெற்று வன அலுவலகத்துக்குப் போகின்றன. எந்தப் பகுதியில் எந்த மாதம் சருகு அள்ளலாம், எத்தனை மரம் வெட்டலாம், விலை என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். 2019இல் வந்த புதிய வனச் சட்டப்படி வருமானத்தில் கால் பங்கு காட்டுக்கே திரும்பப் போக வேண்டும். மிச்சத்தில் பாதியாவது வறுமை ஒழிப்பு, பெண்கள் முன்னேற்றம், சிறுதொழில் என்று செலவாக வேண்டும். யார் ஏழை என்பதையும் ஊரே உட்கார்ந்து வரிசைப்படுத்துகிறது. இந்த வரிசைப்படுத்தலில் நடக்கும் சண்டைகளைப் பற்றி என் மொழிபெயர்ப்பாளர் சொன்னார். “ஏழைன்னு சொன்னா கோவம் சார். ஏழை இல்லன்னு சொன்னா அதைவிடக் கோவம்.”

கமிட்டியில் பாதி பெண்கள், தலைவர் செயலாளர் இருவரில் ஒருவர் கட்டாயம் பெண் என்று வழிகாட்டி விதி சொல்கிறது. முதல் நாள் பெண் நிர்வாகிகள் பலருக்குப் பக்கத்தில் கணவரோ மைத்துனரோ உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி பெண்ணிடம் போகும், பதில் பக்கத்திலிருந்து வரும். நம் ஊரில் ‘தலைவர் வீட்டுக்காரர்’ என்று ஒரு பதவியே உண்டே, அதுதான். தீதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்களைச் சமையல் கொட்டகைக்கு அனுப்பி, மறுநாளுக்கு வேண்டிய பருப்பு, அரிசி, எண்ணெய்க்குக் கணக்குப் போட்டுவரச் சொன்னார். வேளச்சேரி மாஸ்டர் தலைமை தாங்கினார். கூடத்தில் பெண்களின் குரல் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். மொழிபெயர்ப்பாளரும் போய்விட்டதால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அன்று கூடத்தில் நடந்த பேச்சிலேயே மிக நீளமானதும் உரத்ததும் அதுதான் என்று தெரிந்தது.

இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு யாருடைய போனோ அடித்தது. எதிர்ச்சரிவில் ஊசியிலைக் காட்டில் தீ. எழுபது எண்பதுகளில் ஆஸ்திரேலிய உதவித் திட்டத்தில் நட்ட பைன் மரங்கள் இந்தப் பக்கம் அதிகம். கீழே உதிர்ந்து கிடக்கும் காய்ந்த ஊசியிலை பங்குனி வெயிலில் பொறி பட்டால் போதும். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கூடத்தில் பாதிப்பேர் எழுந்து ஓடினார்கள். போகிற வழியில் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டதை வாசலிலிருந்து பார்த்தேன். மாலை நாலு மணிக்கு முகமெல்லாம் கரியோடு திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அது அவர்கள் குழுவின் காடு அல்ல, பக்கத்து ஊருடையது.

கரி படிந்த கன்னத்தோடு ஒரு தலைவர் சொன்னதைத் தாய் மொழிபெயர்த்தார். “நெருப்புன்னா நூறு பேர் வர்றான் சார். கணக்குப் பாக்கக் கூப்ட்டா பத்துப் பேர்கூட வரமாட்டான்.”

எலினார் ஆஸ்ட்ரம் நினைவுக்கு வந்தார். 2009இல் பொருளாதார நோபல் பெற்றவர். நேபாளத்து உழவர்களே நடத்தும் பாசனக் கால்வாய்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர். கல்லும் தழையும் வைத்துக் கட்டிய அணை வருஷா வருஷம் உடையும்; அதைச் சரிசெய்யக் கடைமடைக்காரன் கை வேண்டும் என்பதால் தலைமடைக்காரன் அவனுக்குத் தண்ணீர் விட்டான். சில இடங்களில் சிமென்ட் அணை வந்தது, கடைமடைக்காரனின் தேவை போனது, தண்ணீரும் போனது. ஒருவருக்கு இன்னொருவர் தேவைப்படுகிற வரையில் அமைப்பு தானாக நடக்கும். நெருப்பில் அந்தத் தேவை கண்ணுக்குத் தெரிகிறது. கணக்கு நோட்டில் தெரிவதில்லை.

இனி என் காயம். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர் ஊருணியைத் தூர்வார 2009இல் ஒரு குழு போட்டோம். நான் பொருளாளர். வீட்டுக்கு ஐந்நூறு வசூல், வெளியூரில் இருப்பவர்கள் கொஞ்சம் கூட. ஜேசிபி வாடகை, டீசல், டிரைவர் சாப்பாடு எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். பாதி நாள் எழுதினேன் என்று சொல்வதுதான் சரி. வேலை நன்றாகவே முடிந்தது, ஐப்பசியில் ஊருணி நிறைந்தது. ஒரு நாள் டீக்கடையில் ஒருவர், “மாப்ளே, வரவு செலவு ஒருநாள் வாசிச்சிடலாமே” என்றார். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! “லீவு போட்டு வெயில்ல நின்னவன்டா நான். தின்னுட்டேன்னு சொல்றியா?” என்று கத்தினேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அந்த நோட்டை நான் யாரிடமும் காட்டவில்லை, பிறகு அது வீடு மாறியதில் தொலைந்தது. அடுத்த தடவை கரை பலப்படுத்த வசூலுக்குப் போனபோது யாரும் வாசலைத் திறக்கவில்லை. ஊர் நன்றிகெட்டது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சும்மா உழைக்கிறவனிடம் கணக்குக் கேட்பது அவமானம் என்கிற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. ஆனால் அது பழைய எண்ணம் என்று சொல்ல முடியாது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பார்த்தால் தெரியும். குடவோலை பற்றிப் பாடநூலில் படித்தோம். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஏதாவது ஒன்றில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை ஓலையில் எழுதக்கூடாது என்ற விதியை அவ்வளவாகப் படிக்கவில்லை. அவன் மட்டுமில்லை, அவன் நெருங்கிய உறவுகளும் நிற்க முடியாது. என் நாற்பது பக்க நோட்டுக்காக என் மைத்துனன்வரை தகுதி இழந்திருப்பான். அது நிலமும் வேதமும் உடையவர்களின் சபை, பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் அங்கே ஓலை கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சௌதாராவில் வீட்டுக்கு ஒரு குரல் உண்டு.

மூன்றாம் நாள் காலை கூடத்துச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. பயிற்சியின் செலவு முழுவதும் தீதியின் கையெழுத்தில் இருந்தது. கூடத்து வாடகை, டீ, பருப்புச் சோறு, கிழங்குக் கூட்டு, ஜெராக்ஸ், கடைசி வரியில் அவருடைய கூலி. “கேளுங்கள்” என்று சொல்லிவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. பத்து நிமிஷம் அந்த மௌனத்தை அவர் அசையாமல் தாங்கினார். கடைசியில் டோகோக் கூடைக்காரர் எழுந்து, “தீதி, உங்கள் கூலி ரொம்ப அதிகமாகத் தெரிகிறதே” என்றார். எனக்குக் காது சூடாகியது. தீதி எழுந்தார். வண்டிச் செலவு அதிலேயே அடங்கும், தயாரிப்புக்கு இரண்டு நாள் பிடித்தது, வேறு இடத்தில் வாங்குவதும் இவ்வளவுதான் என்று, கடைக்காரர் விலை சொல்வதுபோலச் சொன்னார். “போதுமா, இன்னும் கேள்வி இருக்கிறதா?” இருந்தது. டீ எண்ணிக்கையில் இரண்டாம் நாள் பன்னிரண்டு அதிகமாக இருந்தது. தீ அணைத்துவிட்டு வந்தவர்களுக்கு இரண்டாவது தடவை கொடுத்ததாம். அதன் பிறகு அரை மணி நேரம் கேள்விகள் பொழிந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் முகத்தை நான் உற்றுப் பார்த்தேன். ஒரு தடவைகூடச் சுருங்கவில்லை.

பயிற்சி முடிந்த மறுநாள் தாயோடு அவர் ஊருக்கு நடந்தேன். இரண்டு மணி நேர ஏற்றம், சிலௌனே மரங்களுக்கு நடுவே. முன்பெல்லாம் காட்டுக் காவலருக்கு வீட்டுக்கு ஒரு மானா தானியம் கூலியாகக் கொடுப்பார்களாம், எட்டு மானா ஒரு பாத்தி. எங்கள் பக்கத்தில் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்குக் கண்மாய்ப் பாசனக்காரர்கள் நெல் அளந்ததைச் சொன்னேன். இப்போது காவலருக்குக் குழுவின் கணக்கிலிருந்து ரூபாயில் சம்பளம். நிலநடுக்கத்துக்குப் பிறகு கொட்டகை போட்ட மரமெல்லாம் இந்தக் காட்டிலிருந்து வந்ததுதான் என்று காட்டினார்.

ஊர் நடுவே அரசும் ஆலும் சேர்ந்து நிற்கும் கல்மேடை. சுமை இறக்கி இளைப்பாறும் இந்த மேடைக்குச் சௌதாரி என்று பெயர். பொதுச்சபை அங்கேதான். ஐம்பது அறுபது பேர். ஆண்களில் கிழவர்களும் பையன்களும்தான் அதிகம். நடு வயதுக்காரர்கள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் வேளச்சேரியிலும் இருக்கிறார்கள். தாயின் மனைவி நோட்டோடு எழுந்து நின்றார். முதல் வரியில் குரல் நடுங்கியது, நாலாவது வரியில் நின்றுவிட்டது. மரம் விற்ற வரவு, சருகுக் கட்டணம், அபராதம், காவலர் சம்பளம், நாற்று, ஒரு விதவைக்கு ஆடு வாங்கக் கொடுத்தது. வாசித்து முடித்துக் கையிருப்பைச் சொன்னார்.

தொப்பி போட்ட ஒரு கிழவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். “பஹினி, இருநூற்று நாற்பது ரூபாய் இடிக்கிறது” என்றார். தங்கச்சி என்று அர்த்தம். என் பக்கத்திலிருந்த தாய் எழுந்து ஏதோ சொல்லப் போனார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

நோட்டை முழங்காலில் வைத்து மறுபடி மேலிருந்து கூட்டினார். எல்லாரும் காத்திருந்தார்கள். யாரோ ஆட்டை அதட்டினார்கள். இரண்டாவது தடவையும் கூட்டிவிட்டு, “ஆமாம் அண்ணா, இடிக்கிறது. எங்கே என்று இப்போது தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் கண்டுபிடிக்கிறேன்” என்றார். பேனாவைத் திறந்து, கையிருப்புக்குக் கீழே ஒரு புது வரியில், கணக்கில் வராதது 240 என்று எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டினார். கிழவர் தலையாட்டிவிட்டு, நாற்று எந்தக் கடையில் வாங்கினாய், போன வருஷத்து நாற்று பாதி பட்டுப்போனதே என்று அடுத்ததைக் கேட்டார்.